பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பெண்கள்

பிரிட்டனில் நாடாளுமன்ற ஆட்சிமுறை உருப்பெற்று வேரூன்றிய காலத்தில் பல பத்தாண்டுகள் அரியணையில் இருந்தவர்கள் பெண்கள். ஆனால் அந்த நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் ஒரு பெண் முதன்முதலாக உறுப்பினராக அமர்ந்தது 1919 டிசம்பர் 1 அன்றுதான். பிறப்பால் வரும் அதிகாரத்தைப் பெண்ணிடம் ஒப்படைக்கத் தயங்காத சமூகம், தேர்தலால் வரும் அதிகாரத்தைத் தர மறுத்தது. முடியிடமிருந்து சபைக்கு அதிகாரம் நகர நகர, அதில் பெண்களின் பங்கு குறைந்தது. இந்த வரலாற்றில் முதலில் கண்ணில் படவேண்டியது இதுவே.

அரசிகள்

ஆன் அரசி (ஆட்சி 1702–1714) பிரபுக்கள் சபை விவாதங்களுக்கு நேரில் வந்து அமர்ந்து கேட்டவர். அமைச்சர்களின் கூட்டங்களுக்குத் தவறாமல் தலைமை தாங்கியவர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707-இல் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இணைந்தது அவர் காலத்தில்தான். ஸ்காட்லாந்தில் குடிப்படை அமைப்பதற்கான மசோதாவுக்கு 1708-இல் அவர் ஒப்புதல் மறுத்தார். இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை நிராகரித்த கடைசி பிரிட்டிஷ் முடியாட்சியாளர் அவரே. அதற்குப் பிறகு எந்த மன்னரும் அந்த உரிமையைப் பயன்படுத்தியதில்லை.

விக்டோரியா அரசி (ஆட்சி 1837–1901) காலத்தில் முடியின் எல்லை இன்னும் சுருங்கிவிட்டது. 1839-இல் பிரதமர் மெல்பர்ன் பிரபு பதவி விலக, ஆட்சி அமைக்க அழைக்கப்பட்ட ராபர்ட் பீல், அரசியின் அந்தரங்கப் பணிப்பெண்களில் விக் கட்சிக் குடும்பத்தினர் சிலரை மாற்றும்படி கேட்டார். இருபது வயதுகூட நிரம்பாத அரசி மறுத்தார். பீல் ஒதுங்கிக்கொண்டார், மெல்பர்ன் திரும்பி வந்தார். ஆனால் 1841 தேர்தலில் பீலின் கட்சி பெரும்பான்மை பெற்றதும், விருப்பமில்லாத பிரதமரை அரசி ஏற்கத்தான் வேண்டியிருந்தது. பிரதமரை வாக்காளர்களே தீர்மானிப்பார்கள் என்பது அத்துடன் உறுதியானது. அந்த வாக்காளர்களில் பெண்கள் இல்லை. விக்டோரியாவே பெண்ணுரிமை இயக்கத்தைக் கடுமையாக வெறுத்தவர். அரியணையில் ஒரு பெண் இருப்பதால் மட்டும் மற்றப் பெண்களுக்கு வழி திறந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கம்பிவலைக்குப் பின்னால்

பெண்கள் வாக்களிக்கக் கூடாது என்பது நெடுங்காலம் வழக்கமாகவே இருந்தது. அதைச் சட்டத்தில் எழுதிவைத்தது, ஜனநாயகத்தின் மைல்கல் என்று பாடநூல்கள் போற்றும் 1832 சீர்திருத்தச் சட்டம். வாக்காளர் ஆணாக இருக்கவேண்டும் என்று அது வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

சபை நடவடிக்கைகளைப் பார்க்கவும் பெண்களுக்குத் தடை இருந்தது. 1778-இல் பார்வையாளர் மாடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, ஆர்வமுள்ள பெண்கள் பழைய சபைக் கூடத்தின் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில் இருந்த அறைக்கு ஏறிச் செல்வார்கள். கீழே தொங்கும் பெரிய சரவிளக்கின் புகையும் வெப்பமும் வெளியேற அங்கே ஒரு காற்றுப்போக்கி இருந்தது. அதன் துவாரங்களில் முகம் வைத்து, மெழுகுவத்திப் புகையைச் சுவாசித்தபடி, நாட்டின் சட்டங்கள் உருவாவதைக் கேட்டார்கள். 1834 தீவிபத்தில் அந்தக் கட்டடம் அழிந்தது. புதிய மாளிகையில் சபாநாயகர் இருக்கைக்கு மேலே பெண்களுக்கென ஒரு மாடம் கட்டப்பட்டது. ஆனால் உறுப்பினர்கள் கண்ணில் பெண்கள் படாதபடி அதன் முகப்பில் கனத்த உலோகக் கம்பிவலை பொருத்தப்பட்டது. உள்ளே புழுக்கம்; வலைக்கண்களின் வழியே பார்த்தால் கண் வலிக்கும். அங்கே அமர்ந்தவர்கள் அதைக் கூண்டு என்றே அழைத்தார்கள்.

1866-இல் ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட வாக்குரிமை மனுவை எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய சுருளுடன் ஆண்கள் நடுவே நிற்கக் கூச்சப்பட்டு, அங்கிருந்த ஆப்பிள் விற்கும் பெண்ணின் கடைக்கு அடியில் அதை ஒளித்துவைத்தார்கள். சிந்தனையாளரும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் வந்த பிறகே அது வெளியே எடுக்கப்பட்டுச் சபைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த திருத்தம் 73-க்கு 196 என்ற வாக்குகளில் தோற்றது.

அமைதியான மனுக்கள் நாற்பது ஆண்டுகள் பலன் தராத நிலையில் போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. 1908 அக்டோபர் 28 அன்று மூரியல் மேட்டர்ஸ், ஹெலன் ஃபாக்ஸ் இருவரும் தங்களைச் சங்கிலியால் கம்பிவலையோடு பிணைத்துக்கொண்டு முழக்கமிட்டார்கள். பூட்டைத் திறக்க முடியாத காவலர்கள், வலையையே சுவரிலிருந்து கழற்றி, அதனுடன் சேர்த்து அவர்களைத் தூக்கிச் சென்றார்கள். 1917 ஆகஸ்டில் சபை தானே முடிவெடுத்து அந்த வலையை நிரந்தரமாக அகற்றியது.

வாக்கும் ஆசனமும்

1918 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆண்களுக்கு 21 வயது போதும். பெண்களுக்கோ 30 வயது ஆகியிருக்க வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும். போர்க்கால ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்களில் பெரும்பாலோர் இதனால் விடுபட்டார்கள். இந்த வேறுபாடு 1928-இல் நீங்கியது. 1918 நவம்பரில் வந்த இன்னொரு சட்டம் பெண்கள் 21 வயதிலேயே தேர்தலில் போட்டியிட வழிசெய்தது. ஆக, வாக்களிக்க முடியாத வயதில் வேட்பாளர் ஆகலாம் என்ற விந்தையான நிலை பத்தாண்டு நீடித்தது.

1918 டிசம்பர் தேர்தலில் போட்டியிட்ட 17 பெண்களில் வென்றவர் ஒருவர்: டப்ளினில் ஷின் ஃபெயின் கட்சி சார்பில் நின்ற கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச். அப்போது அவர் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தார். அயர்லாந்து விடுதலையை வேண்டிய அவரது கட்சி வெஸ்ட்மின்ஸ்டரைப் புறக்கணித்ததால் அவர் அங்கே அமரவில்லை.

முதலில் அமர்ந்தவர் அமெரிக்காவில் பிறந்த நான்சி ஆஸ்டர். தந்தையின் பிரபுப் பட்டம் வந்து சேர்ந்ததால் அவரது கணவர் காமன்ஸ் ஆசனத்தை இழக்க, பிளிமத் சட்டன் இடைத்தேர்தலில் மனைவி நின்று வென்றார். 1921-இல் வந்த மார்கரெட் வின்ட்ரிங்ஹாம் இறந்துபோன கணவரின் தொகுதியில் வென்றவர். துக்கம் காத்ததால் பிரசாரத்தில் ஒரு மேடைப்பேச்சுகூட அவர் பேசவில்லை. 1923-இல் வந்த மேபல் ஃபிலிப்ஸன், கணவரின் தேர்தல் செல்லாது என்று ரத்தானபின் அதே தொகுதியில் நின்றவர். முதல் மூவருமே கணவர் விட்ட இடத்தில் வந்தவர்கள். குடும்ப வழி அரசியல் தெற்காசியாவுக்கே உரிய நோய் என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆஸ்டர் 1923-இல் தனிநபர் மசோதா மூலம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடைசெய்ய வைத்தார். துணிக்கடையில் வேலைசெய்து, தொழிற்சங்கம் வழியாக உயர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு 1929-இல் தொழிலாளர் அமைச்சராகி, அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணானார். ஆனால் சபையில் பெண்கள் இருப்பதால் சட்டத்தின் உள்ளடக்கமே எப்படி மாறும் என்பதற்கு எலினார் ராத்போனின் வாழ்க்கைதான் சிறந்த எடுத்துக்காட்டு. கட்சி சாராத உறுப்பினரான அவர், பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடினார். 1945-இல் அரசு கொண்டுவந்த மசோதா பணத்தைத் தந்தையின் பெயரில் தருவதாக இருந்தது. தாயின் கையில் தராவிட்டால் எதிர்த்தே வாக்களிப்பேன் என்று தம் சொந்தத் திட்டத்துக்கு எதிராகவே அவர் நின்றார். அரசு இறங்கி வந்தது. முதல் பிள்ளைக்கு அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்டில் முதல் தொகை தாய்மார்களைச் சேர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.

பிரபுக்கள் சபை 1958 வரை பெண்களை ஏற்கவில்லை.

பிரதமர்கள்

பிரிட்டனின் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றிய நாடுகள் பெண்ணைப் பிரதமராக்குவதில் அதை முந்திக்கொண்டன. இலங்கையில் 1931-லேயே இருபாலருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசுப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். 1966-இல் இந்திரா காந்தி வந்தார்.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 1979 மே மாதம் பதவியேற்று 11 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தார். அவர் வென்ற அந்தத் தேர்தலில் 635 பேர் கொண்ட சபைக்கு வந்த பெண்கள் 19 பேர் மட்டுமே. தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் அமைச்சரவையில் அவர் சேர்த்துக்கொண்ட ஒரே பெண் ஜேனட் யங். கட்சித் தலைவராக அவர் சந்தித்த எந்தப் பொதுத்தேர்தலிலும் வாக்காளர்கள் அவரைத் தோற்கடிக்கவில்லை. தலைவரியால் எழுந்த எதிர்ப்பும் ஐரோப்பா குறித்த பிளவும் முற்றி, 1990 நவம்பரில் சொந்தக் கட்சியினரே அவரை இறக்கினார்கள். அவருக்குப் பின் தெரசா மே (2016–2019), 49 நாள் மட்டும் இருந்த லிஸ் டிரஸ் (2022) இருவரும் அதே கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து பிரதமரானார்கள்.

எண்ணிக்கையை உயர்த்தியது தொழிற்கட்சி. வெல்லக்கூடிய தொகுதிகள் சிலவற்றில் பெண்களை மட்டுமே வேட்பாளர் பட்டியலில் வைப்பது என 1993-இல் அக்கட்சி முடிவெடுத்தது. 1996-இல் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்றது. ஆனாலும் அதற்குள் தேர்வானவர்கள் களத்தில் இருந்தார்கள். 1997 தேர்தலில் பெண் உறுப்பினர் எண்ணிக்கை 60-இலிருந்து 120 ஆனது. நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்த எண்பது ஆண்டுகளில் நடக்காதது, ஒரு விதியால் ஒரே தேர்தலில் நடந்தது. 2002-இல் சட்டமே அந்த முறையை அனுமதித்தது.

2024 ஜூலைத் தேர்தலில் 650 இடங்களில் 263 இடங்களைப் பெண்கள் பெற்றார்கள். அவர்களில் ஒருவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன். கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு–போ தொகுதியில் வென்று, காமன்ஸ் சபையின் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினரானார். பெண்களின் வாக்குரிமைக்காகப் பதவியைத் துறந்து, அதையே முன்வைத்து மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்ட ஜார்ஜ் லான்ஸ்பரியை 1912 இடைத்தேர்தலில் 751 வாக்குகளில் தோற்கடித்தது இதே போ பகுதிதான்.