கோயில் நிதி ஆய்வுகள்

தென்னிந்தியக் கோயில்களுக்கு வந்த கொடை எவ்வாறு திரண்டது, எதில் முதலீடு செய்யப்பட்டது, அதன்மேல் அதிகாரம் யாருடையது என்பவற்றைக் கல்வெட்டுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் கொண்டு ஆராயும் புலம் இது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கொடைக்காசு ஊர்ச்சபைகளுக்குக் காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காட்டு வட்டிக்கு விடப்பட்டதையும், நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டதையும் பதிவுசெய்துள்ளன.

விசயநகரக் காலத் திருப்பதியில் கொடைப்பணம் ஏரி, கால்வாய்களில் இடப்பட்டு, பெருகிய விளைச்சலால் இறைவனுக்கான படையலாகிய தளிகை நடந்ததையும், பிரசாதத்தில் கால் பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் கொடையாளிக்கே திரும்பியதையும் இவ்வாய்வுகள் வெளிக்கொணர்ந்தன. இவற்றுள் பர்ட்டன் ஸ்டைனின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரை முன்னோடியானது. எனினும் அவர் பார்வை பெரிதும் பொருளியலோடு நின்றுவிட, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்த அர்ஜுன் அப்பாதுரையின் 1981ஆம் ஆண்டு நூல், மரியாதை உரிமையும் தர்மகர்த்தா பதவியும் பற்றிய பூசல்கள் ஆங்கிலேய நீதிமன்றங்களில் புது வடிவம் கொண்டதை விளக்கியது.

1817ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் கும்பினி அரசு ஏற்ற கோயில் மேற்பார்வை 1863இல் கைவிடப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியின் சட்டம் 1925இல் அதை வாரியமாக மீட்டது. உபரி நிதியைப் பிற பணிகளுக்குச் செலவிடலாமா என்னும் இன்றைய வழக்குகள் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 36ஆம் பிரிவைச் சுற்றியே நடக்கின்றன.