இழைப்புளி

இழைப்புளி என்பது மரப்பரப்பை மெல்லிய சுருள்களாகச் சீவிச் சமப்படுத்தப் பயன்படும் தச்சுக் கருவி ஆகும். இது சீவுளி எனவும் அழைக்கப்படுகின்றது. உரோமானியர் கால இழைப்புளிகள் பொம்பெயி அகழாய்வில் கிடைத்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான லெனார்ட் பெய்லி உருவாக்கிய வடிவமைப்பே இன்றைய இரும்பு இழைப்புளிகள் பலவற்றுக்கு முன்மாதிரியாகும்.

அமைப்பு

மர இழைப்புளியில் கட்டை, எஃகு அலகு, அலகை இறுக்கும் ஆப்பு ஆகியவை முதன்மை உறுப்புகள். அலகு பொதுவாக 45 பாகைச் சாய்வில் பொருத்தப்படும். அலகின் தலையில் தட்டினால் வெட்டின் ஆழம் கூடும். கட்டையின் பின்புறத்தில் தட்டினால் குறையும்.

தாமிரபரணிப் பகுதியில்

அம்பாசமுத்திரத்தின் புகழ்பெற்ற சொப்புச் சாமான்கள் கடைசல் முறையில் செய்யப்படுவன. கதவு, சன்னல், கட்டில் போன்ற தட்டையான பரப்புடைய பொருட்களுக்கே இழைப்புளி தேவைப்படுகின்றது.

திருநெல்வேலியில் கோடை வறண்டது; மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கின்றது. ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. எனவே மழைக்காலத்தில் இறுகிய கதவை அளவுக்கு மீறி இழைத்தால், கோடையில் அது சுருங்கி இடைவெளி தோன்றும். மர இழைப்புளியின் அடிப்பரப்பும் இவ்வாறே கோணலாம். ஆகவே அதை இரும்பு அளவுகோல் வைத்துச் சரிபார்த்தல் வேண்டும்.

கையாளும் முறை

மரநார் செல்லும் திசையிலேயே இழைக்க வேண்டும். எதிர்த்திசையில் இழைத்தால் நார் பிய்ந்து பரப்பு சொரசொரப்பாகும். தொடக்கத்தில் முன்பகுதியிலும் முடிவில் பின்பகுதியிலும் அழுத்தம் தரப்படும். இல்லையேல் பலகையின் இரு முனைகளும் தாழ்ந்துவிடும். பலகையின் வெட்டுமுனையை இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி இழைத்தால் ஓரம் பிளக்காது. பழைய வீட்டு மரங்களை இழைக்குமுன் ஆணிகளை அகற்றுதல் இன்றியமையாதது.

தீட்டுதல்

அலகின் சரிவு ஏறத்தாழ 25 பாகையில் சாணை பிடிக்கப்பட்டு, விளிம்பு மட்டும் 30 பாகையில் தீட்டுக்கல்லில் தீட்டப்படும். சாணை பிடிக்கையில் அலகை அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலநிறமானால் எஃகின் கடினத்தன்மை குறைந்துவிட்டது என்று பொருள். தீட்டிய பின் அலகின் தட்டையான பக்கத்தைக் கல்லின் மீது படிய வைத்துத் தேய்த்துப் பிசிரை நீக்க வேண்டும்.

பராமரிப்பு

* இழைப்புளியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அலகின் முனை மழுங்காது.
* வேலை முடிந்ததும் வாயில் சிக்கிய சீவல்களை அகற்ற வேண்டும். அவை ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும்.
* இரும்புப் பகுதிகளில் மெல்லிய இயந்திர எண்ணெய் பூசலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.
* வார்ப்பிரும்புக் கட்டை கீழே விழுந்தால் விரிசல் காணும்.
* ஆயுத பூசையன்று கருவிகளுக்கு இடும் சந்தனமும் குங்குமமும் ஈரமுடையவை. மறுநாள் துடைத்து எண்ணெய் பூசுதல் நன்று.

மின் இழைப்புளிகள் பரவிய பின்னரும், கதவைச் சட்டத்தில் பொருத்தும் இறுதிக்கட்ட வேலைக்குக் கை இழைப்புளி பயன்படுகின்றது. ஒரு தாளின் தடிப்பளவே சீவ வேண்டிய இடத்தில், மரத்தின் எதிர்ப்பைக் கையால் உணர்ந்து நிறுத்த இது உதவுகின்றது.