சூரின்ஜானும் செங்காந்தளும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. தருமபுரி மாவட்டத்தில் கடத்தூர் போன்ற வறண்ட வட்டாரங்களின் வேலிப்புதர்களில் மழைக்குப்பின் தீச்சுடர்போல் விரியும் இக்கொடியின் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு எனப் பல பெயரிட்டு அழைப்பர். அது கொடிய நஞ்சு என்பதைச் சிற்றூர் மக்கள் அனைவரும் அறிவர்.

அரபு மருத்துவ நூல்களில் இதன் உறவினம் ஒன்று 'சூரின்ஜான்' என்னும் பெயரில் இடம்பெறுகிறது. மூட்டு வீக்கத்துக்கு அக்கிழங்கைக் கொடுப்பது ஆறாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் திரால்லஸ் அலெக்சாந்தரின் எழுத்துகளிலேயே உள்ளது. நிக்ரிஸ் எனப்படும் வாதநோய் பற்றி அர்-ராஸி தனி நூலே எழுதினார். இப்னு சீனா (980–1037) தமது அல்-கானூனின் இரண்டாம் பாகத்தில், தனிமருந்துகளின் வரிசையில், மூட்டுநோய்க்குச் சூரின்ஜானைக் கூறி, அது இரைப்பைக்குத் தீங்கானது என்றும் எச்சரிக்கிறார். யூனானி ஹகீம்கள் இனிப்புச் சூரின்ஜானை உள்ளுக்கும் கசப்பானதை வெளிப்பூச்சுக்கும் எனப் பிரித்தனர். தீமையைத் தணிக்கும் 'முஸ்லிஹ்' சரக்குகளையும் உடன் சேர்த்தனர். நம் சித்த மருத்துவரோ கலப்பைக் கிழங்கை உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்தித் தூய்மை செய்தனர். வெவ்வேறு மரபினர், அச்சம் மட்டும் ஒன்று.

1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியேவும் கவாந்துவும் சூரின்ஜான் இனக் கிழங்கிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தனர். 1833இல் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயரானது. காந்தளிலும் அதே பொருள் இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் தங்கும்போது வெள்ளணுக்கள் அங்கே திரண்டு அழற்சியை மூட்டுகின்றன. கோல்ச்சிசின் அவ்வணுக்களுக்குள் உள்ள நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. நகரும் ஆற்றல் குன்றிய அணுக்கள் படையெடுக்க இயலாது தயங்குகின்றன. அதே பிடி மிகுந்தால் குடலும் எலும்பு மச்சையும் சிதைந்து உயிர் போகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

அன்றே நம்மவர் கோல்ச்சிசினைக் கண்டுவிட்டனர் என்று சிலர் எழுதுகின்றனர். அது மிகை. அவர்கள் கண்டது கிழங்கின் செயல், மூலக்கூறு அன்று. ஆயினும் செயலைச் சரியாகக் கண்டு, தீங்கையும் மறைக்காது பதிந்து வைத்ததே பெரும் அறிவுப்பணிதான்.

அரபியர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர் ஆகியோரிடையே பரம்பரையாக வரும் மத்தியதரைக் காய்ச்சலுக்கு இம்மருந்து உதவும் என்பது 1972இல் வெளிவந்தது. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதய நோயாளிகளுக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையை ஏற்றது.

இன்று தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் காந்தள் பணப்பயிர். கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றி, பூத்த காலையில் ஒவ்வொரு மலருக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்கின்றனர். இயற்கையில் காய்ப்பு போதாது. விதை வெளிநாட்டு மருந்துத் தொழிலுக்குப் போகிறது. விதைக்கிழங்கின் விலையோ உழவருக்குப் பெருஞ்சுமை. அந்தக் கிழங்கையே வேறு கிழங்கென்று பிறழ எண்ணி உண்டவர்களும், உயிரை மாய்க்க வேண்டியே உண்டவர்களும் தமிழக, இலங்கை மருத்துவமனைகளுக்கு இன்றும் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களுக்குக் கொடுக்கத்தக்க மாற்றுமருந்து எதுவும் வழக்கில் இல்லை.