வானத்தைப் படம் எடுக்க டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருக்கும் ‘525 மடங்கை’ நம்பாதீங்க!

ஆண்ட்ரோமேடா கேலக்ஸியைச் சொந்தக் கேமராவில் பிடிக்கும் ஆசையில், ஆன்லைனில் கண்ணில் பட்ட லென்ஸ் டெலஸ்கோப்பை ஆர்டர் போடுபவர்கள் பலர். பெட்டியில் ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பதோ 60 மி.மீ. லென்ஸும், தொட்டாலே ஆடும் ஒரு ட்ரைபாடும். 60 மி.மீ. லென்ஸில் உருப்படியாகக் கிடைப்பது சுமார் 120 மடங்குதான். அதுவும் கண்ணால் பார்ப்பதற்கு. படம் எடுப்பதில் ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்வியே கிடையாது.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் குவியத் தூரம். ஆண்ட்ரோமேடா சின்னப் புள்ளி என்று நினைப்பது தவறு. வானத்தில் அதன் நீளம் சுமார் 3 டிகிரி, அதாவது ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அளவு. அது மங்கலாக இருப்பதுதான் பிரச்னை. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவை 400 மி.மீ. குவியத் தூரமுள்ள டெலஸ்கோப்பில் மாட்டினால், சுமார் 3.4 டிகிரி அகலத்துக்குப் படம் விழும். கேலக்ஸி முழுசாக அடங்கிவிடும். 1000 மி.மீ. என்றால் நடுப்பகுதி மட்டும்தான். அதனால் முதல் டெலஸ்கோப்புக்கு 60 முதல் 80 மி.மீ. லென்ஸ், 350 முதல் 500 மி.மீ. குவியத் தூரம் போதும்.

குவியத் தூரத்தை லென்ஸின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எஃப்/10-ல் நான்கு மணி நேரம் எடுக்க வேண்டிய படத்துக்கு, எஃப்/5-ல் ஒரு மணி நேரம் போதும்.

நட்சத்திரத்தைச் சுற்றி ஏன் ஊதா வளையம்?

சாதாரண இரட்டை லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது. பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதாப் புகை மாதிரி படியும். இதைக் குறைக்கத்தான் ‘இ.டி.’ கண்ணாடி. ஆனால் ‘இ.டி.’, ‘ஏபோ’ என்ற பெயர்களை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எந்தக் கண்ணாடி என்று கேட்க வேண்டும். எஃப்.பி.எல்-53 அல்லது எஃப்.சி.டி-100 என்றால் நல்லது. எஃப்.பி.எல்-51 போட்ட இரட்டை லென்ஸில் லேசான நீலம் மிச்சமிருக்கும். மூன்று லென்ஸ் வகை இன்னும் சுத்தமான படம் தரும், விலையும் எடையும் ஏறும்.

படத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் கோடாக நீளாமல் இருக்க ‘ஃபீல்டு ஃப்ளாட்னர்’ என்ற தனி லென்ஸும் தேவை. பெரும்பாலும் இது தனியாகத்தான் விற்கப்படுகிறது. பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது இதைத்தான்.

காசை எங்கே போடணும்?

டெலஸ்கோப்பில் அல்ல, அதைத் தாங்கும் மவுன்ட்டில். 400 மி.மீ. டெலஸ்கோப்பை அசையாத ட்ரைபாடில் வைத்து ஓரியன் நெபுலாவை எடுத்தால், ஒரே நொடியில் நட்சத்திரம் ஆறேழு பிக்சல் நகர்ந்துவிடும். பூமி சுற்றுவதை ஈடுகட்டித் திரும்பும் ‘ஈக்வடோரியல்’ மவுன்ட் இல்லாமல் நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் வைக்க முடியாது. பட்ஜெட்டில் பாதியாவது இதற்கு ஒதுக்குவது நல்லது.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த மவுன்ட்டின் அச்சு துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். அந்த நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் தெரியும், கன்னியாகுமரியில் வெறும் 8 டிகிரி. பக்கத்து வீட்டு மாடியே மறைத்துவிடும். வேறு நட்சத்திரங்களை வைத்து அச்சைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் சில மவுன்ட்களை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவே முடியாது, சாய்த்தால் எடைக்கம்பி ட்ரைபாடின் காலில் இடிக்கும். எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்காமல் பணம் கட்டாதீங்க.

கடலோர ஊர்களில் நள்ளிரவுக்குள் முன் லென்ஸில் பனி பூத்துவிடும். அதைச் சுற்றிக் கட்டும் சின்ன ஹீட்டர் பட்டை வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கையில் ஏற்கெனவே 135 அல்லது 200 மி.மீ. கேமரா லென்ஸ் இருந்தால், டெலஸ்கோப்பையே தள்ளிப்போடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மவுன்ட்டை மட்டும் வாங்கி அந்த லென்ஸிலேயே ஓரியன் பகுதியை எடுத்துப் பழகலாம்.