இடைக்காலப் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்துக் கையேடுகளில் தலைமைப் பயிற்சியாளர் பட்டியல் ஒன்று இருக்கும். யாரும் நின்று படிக்காத பக்கம். மிஸ்ஸௌரி பல்கலைக்கழகப் பட்டியலில் டான் ஃபோரோ 1935 முதல் 1942 வரை. பிறகு மூன்றாண்டு சான்ஸி சிம்சன். 1946இல் மறுபடியும் ஃபோரோ. மினசோட்டாவிலும் இதே அச்சு: பெர்னி பியர்மன், நடுவில் 1942 முதல் 1944 வரை ஜார்ஜ் ஹௌசர், மறுபடியும் பியர்மன். வேலையை விட்டுப்போனவர் பழைய நாற்காலிக்கே திரும்புவது இந்தத் தொழிலில் அபூர்வம். இருவரும் இடையில் எங்கே போனார்கள்?

போர்க்காலம் என்பதால் ராணுவச் சேவை என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால், கல்லூரிகளை விட்டுவிட்டு 1942, 1943 ஆண்டுகளின் ஆட்ட முடிவுகளைப் புரட்டினால் பழக்கமில்லாத ஓர் அணி எட்டிப் பார்க்கிறது: அயோவா ப்ரீ-ஃப்ளைட் சீஹாக்ஸ். பட்டப்படிப்பே இல்லாத ‘கல்லூரி’ அணி!

விமானிகளாகப் போகிற இளைஞர்களை விமானத்தில் ஏற்றும் முன்பே உடலளவில் முறுக்கேற்ற வேண்டும் என்று கடற்படை நினைத்தது. அந்த விளையாட்டுத் திட்டத்தை வகுத்த டாம் ஹாமில்டன், கடற்படைக் கல்லூரியின் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர். அயோவா, வட கரோலினா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் 1942இல் பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. நாட்டின் தேர்ந்த பயிற்சியாளர்கள் சீருடை அணிந்து அங்கே போனார்கள். பல கல்லூரிகளில் மிஞ்சியவர்கள் உதவியாளர்களும் முதியவர்களும். அமோஸ் அலன்ஸோ ஸ்டாக் 1943இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானபோது அவருக்கு வயது 81.

அயோவா பள்ளியின் அணியான சீஹாக்ஸின் 1942ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் பியர்மன். எதிரணிகளின் வரிசையில் மினசோட்டாவின் பெயரும் இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத, அவரே உருவாக்கிய அணி. அதை 7-6 என்று தோற்கடித்தார். எதிர்ப்பக்கம் நின்றவர் அவருடைய பழைய உதவியாளர் ஹௌசர். 1943இல் பியர்மனின் இடத்துக்கு வந்தவர் ஃபோரோ. அவரும் சிம்சனின் மிஸ்ஸௌரியை வீழ்த்தினார். அந்தப் பருவத்தில் சீஹாக்ஸ் தோற்றது ஒரே ஆட்டம், நோட்டர் டேமிடம், 14-13.

இத்தோடு தேடலை நிறுத்தியிருந்தால் சுவையான தற்செயல் என்றுதான் எழுதியிருப்பேன். சீஹாக்ஸின் 1943ஆம் ஆண்டு உதவிப் பயிற்சியாளர்கள் யார் என்று பார்த்தபோதுதான் விஷயம் கனத்தது. பட் வில்கின்சன், ஜிம் டேட்டம். இருவரும் பின்னாளில் பெரும் பயிற்சியாளர்கள். ஃபோரோ 1941இல் ‘ஸ்ப்ளிட் டி’ என்ற வியூகத்தைக் கண்டுபிடித்திருந்தார். முன்வரிசை வீரர்கள் இடைவெளி விட்டு நிற்பார்கள். ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் வரிசையோடு ஓடிக்கொண்டே, பந்தை வைத்துக்கொள்வதா பக்கத்தில் தள்ளுவதா என்று எதிராளியின் அசைவைப் பார்த்து முடிவெடுப்பார். ஒரு தலைமைப் பயிற்சியாளர் தன் வித்தையை வருங்காலப் போட்டியாளர்களுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுப்பது சாதாரண நாளில் நடக்காது. கடற்படை மூவரையும் ஒரே களத்தில் நிறுத்தியது, சொல்லிக்கொடுத்தார்.

போர் முடிந்ததும் டேட்டம் அந்த வித்தையோடு 1946இல் ஓக்லஹோமாவுக்குப் போனார், வில்கின்சனை உதவியாளராக அழைத்துக்கொண்டு. மறு ஆண்டு டேட்டம் மேரிலாந்துக்கு நகர, ஓக்லஹோமா வில்கின்சன் கைக்கு வந்தது. 1954 புத்தாண்டு நாளில் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் இருவரும் மோதினார்கள். ஓக்லஹோமா 7, மேரிலாந்து 0. வில்கின்சனின் அணி தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்றதும் அந்தப் பத்தாண்டில்தான். 1946இல் மிஸ்ஸௌரிக்குத் திரும்பிய ஃபோரோ, 1956இல் ஓய்வுபெறும்வரை ஓக்லஹோமாவை ஒருமுறைகூட வெல்லவில்லை.

பட்டியலில் இடைச்செருகலாகத் தெரியும் சிம்சன் பக்கம் திரும்புகிறேன். அவர் 1945இல் மிஸ்ஸௌரிக்கு அதன் லீக்கான பிக் சிக்ஸின் பட்டத்தை வென்று தந்தார். அணியைக் காட்டன் பௌல் ஆட்டம் வரை கொண்டுபோனார். அடுத்த பருவத்தில் நாற்காலியை ஃபோரோவிடம் ஒப்படைத்தார். அந்த 1945 பருவத்தில் அவர் ஓக்லஹோமாவையும் வென்றிருந்தார். அதற்குப்பின் மிஸ்ஸௌரி ஓக்லஹோமாவை வென்றது 1960இல்தான்.