முதுவேனில் காய்கறித் தோட்டப் பராமரிப்பு

முதுவேனில் காய்கறித் தோட்டப் பராமரிப்பு என்பது கோடையின் பிற்பகுதியில் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் உள்ள காய்கறிச் செடிகளைக் காப்பதையும், அடுத்து வரும் ஆடிப்பட்டத்துக்கு மண், விதை, நாற்று ஆகியவற்றை ஆயத்தம் செய்வதையும் குறிக்கும். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கும் தமிழ் மரபில் ஆனியும் ஆடியும் முதுவேனில் ஆகும். இக்காலத்தில் காய்ப்பு குறைவது இயல்பு. காய்க்கவில்லை என்று செடியைப் பிடுங்குவதும், காய்க்க வைப்பதற்காக உரத்தை அள்ளிக் கொட்டுவதும் இழப்பையே தரும். மண்ணின் ஈரத்தையும் உயிரையும் காப்பதே இப்பருவத்தின் முதல் வேலை.

காலநிலை

அக்னி நட்சத்திரம் மே மாத இறுதியில் முடிந்தாலும் தமிழ்நாட்டுச் சமவெளியில் வெயில் உடனே தணிவதில்லை. சென்னை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் ஜூன் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37° செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை அடையும் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதி கொட்டிவிடுவதால், மலைக்குக் கிழக்கே காற்றே மிஞ்சுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவை, திருப்பூர்ப் பகுதிகளிலும், ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களை ஒட்டிய பகுதிகளிலும் இக்காற்று வலுவாக வீசும். கோவையில் வெயில் குறைவாக இருந்தும் மண் விரைந்து உலர்வதற்கு இதுவே காரணம். யாழ்ப்பாணத்தில் இதே காலத்துத் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்பர். கன்னியாகுமரி மாவட்டமும் நீலகிரியும் தென்மேற்குப் பருவமழையை நேரடியாகப் பெறுவதால் அங்குப் பராமரிப்பு முறை வேறு.

நீர்

காலை எட்டு மணிக்கு முன்போ வெயில் தாழ்ந்த பின்போ நீர் விடுவது நல்லது. நண்பகலில் இலை துவள்வதை மட்டும் வைத்து நீர் போதவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் மிகுவதால் நேரும் தற்காலிக வாட்டம் அது. மாலையில் செடி நிமிர்ந்துவிட்டால் குறையில்லை. காலையிலும் துவண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். மண்ணில் விரலை நுழைத்து, மேல்மண்ணுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால் வேரழுகல், வாடல் நோய், நூற்புழு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் விடுவது தக்காளிக்குப் பெருங்கேடு. நீரோட்டம் சீராக இல்லாதபோது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். கொடிகளுக்குப் பானைப் பாசனம் நன்கு உதவும். வண்ணமோ மெருகோ பூசாத சுட்ட மண்பானையைக் குழியில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், சுவர் வழியே கசியும் ஈரத்தை வேர் எடுத்துக்கொள்ளும். அரிசி, காய்கறி கழுவிய நீரை நேரே பாத்திக்கு விடலாம். சோப்பு கலந்த நீரைக் கல்வாழை, வாழை வளரும் பக்கம் திருப்புவது வழக்கம். கோடை முடிவில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறும் ஊர்களில் தொட்டி மண்ணின் மேல் வெண்படலம் படியும். அதைச் சுரண்டி நீக்கிவிட்டு, முதல் நல்ல மழையில் தொட்டிகளைத் திறந்து வைத்தால் உப்பு கழுவப்பட்டு வெளியேறும்.

மூடாக்கும் நிழலும்

காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை மட்டை நார் ஆகியவற்றால் மண்ணை மூடுவது மூடாக்கு எனப்படும். இது ஆவியாதலைக் குறைத்து, வேர்ப்பகுதியின் சூட்டைத் தணித்து, களையை அடக்கி, நாளடைவில் மட்கி உரமாகிறது. தண்டை ஒட்டிச் சிறிது இடைவெளி விட்டே பரப்ப வேண்டும். கீரைக்கும் நாற்றுக்கும் 50 விழுக்காடு நிழல் தரும் வலை ஏற்றது. காய்ப்புச் செடிகளுக்கு மேற்கு வெயிலை மட்டும் மறைத்தால் போதும். நிழல் மிகுந்தால் செடி நெடுநெடுவென வளர்ந்து பூ குறையும். காற்று அடிக்கும் மேற்குப் பக்கத்தில் அகத்தியோ செடிமுருங்கையோ சோளமோ வரிசையாக இருப்பது சிறந்த தடுப்பு.

பயிர்களும் காய்ப்பும்

கொத்தவரை, வெண்டை, தட்டைப்பயறு, கத்தரி, மிளகாய், தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை ஆகியவை இவ்வெப்பத்தைத் தாங்கும். தக்காளி தாங்காது. பகல் வெப்பம் 35° செல்சியஸைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். 30° செல்சியஸுக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவதும் தடைப்படுவதால் பழம் மஞ்சள் கலந்தே பழுக்கும்.

கொடிவகைகளில், வெயில் கடுமையாகவும் பகல் நீண்டும் இருக்கும்போது ஆண் பூக்கள் மிகும். பெண் பூவை அடியிலுள்ள பிஞ்சைக் கொண்டு அடையாளம் காணலாம். தேனீ வராத மாடித் தோட்டங்களில் கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம். பூசணி, பாகல் பூக்கள் அதிகாலையில் விரிவதால் காலையிலும், சுரை, பீர்க்கு, புடலைப் பூக்கள் மாலையிலும் இரவிலும் விரிவதால் அந்தி சாய்ந்த பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

காய்த்து ஓய்ந்த கத்தரியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கவாத்து செய்து, தொழுவுரம் இட்டு, மண் அணைத்தால் புதுக்கிளை விட்டு மறுதாம்பாகக் காய்க்கும். பூச்சி துளைத்த செடிக்கும் சிற்றிலை நோய் கண்ட செடிக்கும் இது பயன்படாது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கையை அறுவடை முடிந்ததும் ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவது வழக்கம்.

பூச்சியும் நோயும்

வறண்ட வெப்பத்தில் பெருகுபவை செஞ்சிலந்தி, இலைப்பேன், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகிய சாறுறிஞ்சிகள். இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் நீர் பீய்ச்சிக் கழுவுவது செஞ்சிலந்தியைப் பெரிதும் குறைக்கும். வெள்ளை ஈ வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலையும் தக்காளியில் இலைச்சுருட்டையும் பரப்புகிறது. நோய் கண்ட செடிக்கு மருந்தில்லை. உடனே பிடுங்கி அழிக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி பூச்சி வந்திருப்பதை முன்கூட்டியே காட்டும். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்கு, வாடிய நுனியை வாரந்தோறும் கிள்ளி அழிப்பதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமான முறை.

வேம்பு பழுத்து உதிரும் காலமும் இதுவே. கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊற வைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பர். கண்ட பூச்சியையெல்லாம் கொல்வது தோட்டத்துக்கு நல்லதன்று. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, கத்தரி எனப் பரவியபோது, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துப் பெருக்கி விடப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சி, சிலந்தி ஆகியவையும் இத்தகைய காவலர்களே.

மண்ணைத் தேற்றுதல்

பயிர் முடிந்த பாத்தியை வெறுமனே விடக் கூடாது. வெயில் கடுமையாக உள்ளபோது மண்ணைக் கொத்தி, நனைத்து, மெல்லிய ஒளிபுகும் பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் களை விதைகளும் நோய்ப் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் பெரிதும் குறையும். மழை கிடைக்கும் இடங்களில் பலதானிய விதைப்பு மேலானது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) தம் பயிற்சிகளில் பரப்பிய இம்முறையில், தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் விதைகளைக் கலந்து தூவி, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணோடு சேர்ப்பர். மாடித் தோட்டத்தில் பழைய மண்ணைப் பைகளிலிருந்து கொட்டி, வேர்களை நீக்கி, வெயிலில் காயவைத்து, மட்கிய உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

விதையும் நாற்றும்

விதைக்கென விட்ட காய்கள் முற்றி உலர்வதற்கு இவ்வறண்ட காற்று ஏற்றது. நோயற்ற செடியின் நடுப்பருவக் காய்களே விதைக்குரியவை. கத்தரியும் தக்காளியும் பழுத்த பின்னும், வெண்டையும் பீர்க்கும் செடியிலேயே காய்ந்த பின்னும் எடுக்கப்படும். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பொதிந்து சுவரில் தட்டி வைப்பது சிற்றூர் வழக்கம்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆனித் தொடக்கத்திலேயே நாற்றங்கால் இட வேண்டும். கத்தரி 30 முதல் 35 நாளிலும், தக்காளி 25 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழிக்கு உயிரியல் காரணங்களும் உண்டு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல் குறுகிய பிறகே பூப்பதால், ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்துக்குள் கொடி போதிய அளவு வளர்ந்திருக்கும். ஆடி முதல் வாரத்தில் ஊன்றிய வெண்டை ஆவணியில் பறிப்புக்கு வரும். அப்போதே நட்ட கத்தரி புரட்டாசிக்குள் காய்க்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குவதால், பெருமழைக்கு முன் வேரூன்றிக் காய்ப்புக்கு வந்த தோட்டம் வேண்டுவோர் ஆனியிலேயே மண்ணையும் நாற்றங்காலையும் ஆயத்தம் செய்துவிட வேண்டும்.