உங்க பெயர் யாரோட சர்வரில் இருக்கு? ஒரு சின்ன பிளாக்கின் முப்பது வருஷக் கதை

இந்த எபிசோடில் கோட் கொஞ்சம்தான், வரலாறுதான் அதிகம். ப்ளூஸ்கைக்கு அடியில் ஓடுற ஏடி புரோட்டோகால் மேல ஒரு எளிமையான பிளாக் கட்டுறதைப் பத்திப் பேசப் போறோம். கட்டுறது ஒரு வார இறுதி வேலை. ஆனா ஏன் இப்படி ஒரு டிசைன் வந்துச்சுன்னு தெரியாம கட்டினா, "இதுக்கு வேர்ட்பிரஸே போதுமே"ன்னு தோணிடும். அதனால பின்னாடி இருந்து வருவோம்.

வாடகை வீடு

1994-ல் அமெரிக்காவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சதுதான் பின்னாடி ஜியோசிட்டீஸ் ஆச்சு. ஐடியா ரொம்ப அழகு. இணையத்தை ஒரு ஊர் மாதிரி பிரிச்சாங்க. சினிமா பிடிச்சவங்களுக்கு 'ஹாலிவுட்' பேட்டை, கம்ப்யூட்டர் ஆட்களுக்கு 'சிலிக்கான் வேலி' பேட்டை. அந்தப் பேட்டையில் உங்களுக்கு ஒரு கதவு எண். அதுதான் உங்க முகவரி.

1999-ல் யாஹூ இதை 300 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கிச்சு. பத்தே வருஷம். 2009 அக்டோபர் 26 அன்னைக்கு இழுத்து மூடிட்டாங்க. ஜப்பானில் மட்டும் 2019 வரைக்கும் ஓடுச்சு. மூடுறதுக்கு முன்னாடி ஆர்க்கைவ் டீம்னு ஒரு தன்னார்வலர் கூட்டம் ராத்திரி பகலா பக்கங்களை இறக்கி, அடுத்த வருஷம் டோரண்டா வெளியிட்டாங்க.

இங்க ஒண்ணு கவனிங்க. எழுத்தில் ஒரு பகுதி தப்பிச்சது. ஆனா முகவரி செத்துப் போச்சு. அந்தப் பக்கத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுத்திருந்தாங்களோ, அத்தனையும் உடைஞ்சது. எழுதினவரைத் தேடி வந்த வாசகர் வெறும் எரர் பக்கத்தைத்தான் பார்த்தார். இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும்.

தமிழ் பிளாக்கர்களுக்கும் நடந்தது

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் பிளாக்கரைக் கொண்டு வந்தாங்க. 2003-ல் கூகுள் வாங்கிச்சு. அப்போ பிளாக்கரில் ஒரு வசதி இருந்தது. எழுதுறது அவங்க எடிட்டரில், ஆனா பக்கம் போய் உட்காருறது எஃப்டிபி வழியா உங்க சொந்த சர்வரில். எழுதுற கருவி வேற, வைக்கிற இடம் வேற. 2010-ல் அதை நிறுத்திட்டாங்க.

தமிழில் பிளாக் பெரிசா வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 2004-ல் வந்த தமிழ்மணம் மாதிரித் திரட்டிகள், ஆர்எஸ்எஸ் ஓடைகள் வழியா எல்லார் பதிவையும் ஒரே இடத்தில் காட்டின. பெரும்பாலானோர் எழுதினது பிளாக்ஸ்பாட்டில்.

2012-ல் கூகுள், பிளாக்ஸ்பாட் வாசகர்களை நாட்டுக்கு ஏத்த டொமைனுக்குத் திருப்பிவிட ஆரம்பிச்சது. இந்தியாவில் திறந்தா 'டாட் காம்' மாறி 'டாட் இன்' ஆயிடும். மக்கள் அந்த முகவரியைத்தான் காப்பி பண்ணி மத்த தளங்களில், ஃபேஸ்புக்கில், மெயிலில் போட்டாங்க. 2020-ல் அந்த பிளாக்ஸ்பாட் டாட் இன் டொமைன் கூகுள் கையை விட்டே போயிடுச்சு, வேற ஒருத்தர் பதிவு பண்ணிட்டாங்க. லட்சக்கணக்கான லிங்க் ஒரே அடியில் காலி. பதிவுகள் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாத்தான் இருந்தது. ஆனா எழுதினவங்க எந்தத் தப்பும் பண்ணாமலே அவங்களுக்கு வர்ற வழி அடைஞ்சு போச்சு.

சர்வரைப் பிரிச்சாங்க, பெயரைப் பிரிக்கலை

ஒரே கம்பெனியை நம்புறதுதான் பிரச்சினைன்னா, பல சர்வர் ஆக்கிடலாமே? 2016-ல் ஜெர்மனியில் இருந்து யூஜென் ரோச்கோ மாஸ்டடானை வெளியிட்டார். அது இன்னைக்குப் பேசுற மொழியான ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் டபிள்யூ3சி தரமா ஆச்சு. ஈமெயில் மாதிரியே: உங்க பெயர், அப்புறம் ஒரு @, அப்புறம் சர்வர் பெயர். நீங்க ஒரு சர்வரில், நான் வேற சர்வரில், ஆனா பேசிக்கலாம்.

இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனா அந்த @-க்குப் பின்னாடி இருக்கிற பகுதி இன்னும் வேற யாரோ ஒருத்தருடையது. 2023-ல் மாஸ்டடான் டாட் லால் நடத்தினவர் முடியலைன்னு மூடினார். மூணு மாசம் டைம் கொடுத்தார், அது நல்ல மனசு. வேற சர்வருக்கு மாறினா ஃபாலோயர்கள் கூட வருவாங்க, ஆனா எழுதின போஸ்டுகள் வராது.

2024 பிப்ரவரியில் நடந்தது இதைவிட மோசம். குயர் டாட் ஏஎஃப்னு ஒரு மாஸ்டடான் சர்வர். 'ஏஎஃப்' ஆப்கானிஸ்தானின் டொமைன். தாலிபான் ஆட்சியில் இருக்கிற அமைச்சகம் அந்த டொமைனை முடக்கிடுச்சு. சர்வர் ஓடுது, டேட்டா இருக்கு. பெயர் மட்டும் போச்சு, அதனால எல்லாமே போச்சு.

மூணு துண்டாக்கினா என்ன?

இப்போ ஏடி புரோட்டோகாலுக்கு வருவோம். 2019 டிசம்பரில் அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டார்ஸி, சமூக ஊடகத்துக்குத் திறந்த தரம் ஒண்ணு உருவாக்க ப்ளூஸ்கைன்னு ஒரு சின்ன டீமுக்கு நிதி தரப் போறதா அறிவிச்சார். 2021-ல் ஜே கிரேபர் தலைமைக்கு வந்தார், அது தனி கம்பெனியா ஆச்சு. 2022-ல் புரோட்டோகால் வெளியே வந்தது. ப்ளூஸ்கை எல்லாருக்கும் திறந்தது 2024 பிப்ரவரியில், குயர் டாட் ஏஎஃப் முடங்கின அதே மாசம்.

இவங்க மூணு விஷயத்தைத் தனித்தனியாப் பிரிச்சாங்க.

முதல்ல அடையாளம். உங்களுக்கு 'டிட்'னு ஒரு நிரந்தர எண் மாதிரி. மனுஷங்க படிக்கிற பெயர் ஒரு டொமைன், அது இந்த எண்ணைச் சுட்டிக் காட்டும். டொமைன் போச்சுன்னா வேற டொமைன் மாட்டிக்கலாம். அடையாளம் அதேதான், ஃபாலோயரும் அப்படியே இருப்பாங்க.

ரெண்டாவது கிடங்கு. நீங்க எழுதினது, லைக் பண்ணது எல்லாம் உங்க சாவியால் கையெழுத்துப் போட்ட ஒரு ரெப்போவில் இருக்கும். அதை வைக்கிற சர்வருக்கு பிடிஎஸ்னு பெயர். வீடு மாறுற மாதிரி மூட்டை கட்டி வேற பிடிஎஸ்-க்குப் போகலாம்.

மூணாவது, காட்சி. ப்ளூஸ்கை ஆப் என்பது அந்தக் கிடங்கைப் படிச்சுக் காட்டுற பல ஜன்னலில் ஒண்ணு.

இப்போ பிளாக்

ப்ளூஸ்கை போஸ்டுக்கு 300 எழுத்துதான். ஆனா அது ஆப் போட்ட விதி. ரெப்போவில் வேற வகைப் பதிவுகளையும் வைக்கலாம். ஒயிட்விண்ட் என்ற பிளாக் தளம் அப்படித்தான் செய்யுது: தலைப்பு, மார்க்டவுனில் உள்ளடக்கம், தேதி. அந்த வகையையே நீங்களும் எடுத்துக்கலாம்.

பிளாக்கின் வேலை நாலு படி. உங்க டொமைனைக் கொடுத்து டிட்டைக் கண்டுபிடி. டிட்டைக் கொடுத்து எந்த பிடிஎஸ்னு கேளு. அந்த பிடிஎஸ்-கிட்ட லிஸ்ட்ரெக்கார்ட்ஸ் என்ற அழைப்பில் பதிவுகளை வாங்கு. மார்க்டவுனை எச்டிஎம்எல் ஆக்கு. டேட்டாபேஸ் இல்லை. படிக்கிறதுக்கு லாகின்கூட வேண்டாம். உங்க தளமே நாளைக்கு அழிஞ்சாலும் பதிவுகள் ரெப்போவில் இருக்கும். வேற யாராவது இன்னொரு ஜன்னல் கட்டி அதையே காட்டலாம். பிளாக்கர் 2010-ல் எடுத்துட்ட அந்தப் பிரிவு, எழுதுற கருவி வேற வைக்கிற இடம் வேற, இங்க திரும்பி வந்திருக்கு.

ஆனா கொண்டாடுறதுக்கு முன்னாடி

ரெண்டு விஷயம் நேராச் சொல்லிடணும். ஒண்ணு, ரெப்போவில் இருக்கிறது எல்லாம் பொது. பாதி எழுதின டிராஃப்டை அங்க போட்டா, யார் வேணா படிக்கலாம்.

ரெண்டாவதுதான் முக்கியம். பெரும்பாலான டிட்டுகள் பிஎல்சி என்ற பதிவேட்டில் இருக்கு. அதை உருவாக்கி நடத்தி வந்தது ப்ளூஸ்கை கம்பெனிதான். பெரும்பாலானவங்க கணக்கும் அவங்க பிடிஎஸ்-இல்தான், அடையாளத்தை மாத்துற சாவியும் அவங்க கையில்தான். அதாவது வெளியே போற கதவைக் கட்டி வச்சிருக்காங்க, ஆனா சாவியை நம்மில் பல பேர் இன்னும் வாங்கிக்கலை. நாளைக்கு கம்பெனியோட பிடிஎஸ் திடீர்னு மூடினா, சொந்தச் சாவியும் ரெப்போ பிரதியும் கையில் வச்சிருக்கிறவர் அதே அடையாளத்தோட வேற இடம் போவார். மத்தவங்க நிலைமை ஜியோசிட்டீஸ்தான்.

அதனால பிளாக் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செஞ்சிடுங்க. உங்க கணக்கில் உங்களுடைய ரெக்கவரி சாவி ஒண்ணைச் சேருங்க. செட்டிங்ஸில் போய் ரெப்போவை மாசம் ஒரு தடவை டவுன்லோட் பண்ணி வைங்க, படங்கள் தனியா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

அப்புறம் கோட் எழுத உட்காரலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.